ஞாயிற்றுக்கிழமைக் கூலி

ஊரில் பாதி வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவன் அவன். ஆனால் குடியிருக்கும் வீட்டுச் சுவரில் மட்டும் பிரஷை வைக்கவே கூடாது என்று பெண்டாட்டி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சும்மா வாங்கவில்லை, பட்ட பாடு அப்படி. கல்யாணமான புதிதில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் ஆசை ஆசையாய்ப் பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து, கதவுக்கு வார்னிஷ் வேறு பூசி வைத்தான் மனுஷன். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அட, இது என் வீடா!" என்றார். அடுத்த மாதமே வாடகையை ஏற்றினார். இரண்டாவது வீட்டில் ஏற்றக்கூட இல்லை. "மச்சான் குடிவரணும்ங்கறான், காலி பண்ணிக்கோங்க" என்று முடித்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டிலும் அதே கதைதான், மச்சானுக்குப் பதில் மருமகன்.

"நீ பெயிண்டரா, இல்ல அவனுங்களுக்கு வாடகை ஏத்திக் குடுக்கற புரோக்கரா?" என்று அவள் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

அதற்குப் பிறகு லாரி ஷெட்டுக்கு மேலே ஓர் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். சுவர் உதிர்ந்து தட்டில் விழுந்தாலும் அவன் ஊதிவிட்டுச் சாப்பிட்டான். கை மட்டும் பரபரக்கும். விரலால் விரிசலைத் தடவிப் பார்ப்பான். அவள் ஒரு பார்வை பார்த்தால் கையை எடுத்துக்கொள்வான். எட்டு வயசு மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்த படத்தைச் சுவரில் மாட்ட ஆணி கேட்டால்கூட, "நம்ம சுவரா இது? பேசாம இரு" என்பாள் அம்மா.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளை நாள் முழுக்க மடிக்கிற வேலை. அங்கே ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பில்தான் அந்தத் திட்டத்தைப் பார்த்தாள். இதுவரை சொந்த வீடே இல்லாதவர்கள், வருமானம் குறைந்தவர்கள், முதல் வீடு வாங்கும்போது முன்பணத்தில் பெரும்பங்கை அரசாங்கமே கொடுக்கும், வட்டியிலும் ஒரு பாதியைத் தாங்கிக்கொள்ளும். அவள் அதை நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தாள். நம்மையெல்லாம் நினைத்துக்கூட ஒருத்தன் எழுதியிருக்கிறானே என்று ஆபீஸ் விலாசத்தைக் கையிலேயே எழுதிக்கொண்டாள்.

திட்டத்தில் இரண்டு நிபந்தனை. வீட்டு விலை அவர்கள் சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். வீடு ஒழுகாமல், இடியாமல், மனிதர் வாழ லாயக்காக இருக்கிறதென்று ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை நிறையச் சம்பாதிக்கவும் வேண்டும், நாள் பூரா வீட்டிலேயே இருக்கவும் வேண்டும் என்கிற மாதிரிதான். அந்த விலைக்கு வந்த வீடெல்லாம் இடிந்து கிடந்தது. இடியாத வீட்டின் விலையைக் கேட்டால் இவர்களுக்கு நெஞ்சு இடிந்தது. போதாக்குறைக்கு பேங்க்காரர் ஒரு குண்டைப் போட்டார். பெயிண்டருக்கு வயசு ஏறுகிறது, இந்த வருஷம் விட்டால் நீண்ட காலக் கடன் கொடுக்க விதி இடம் தராது. வாங்கினால் இந்த வருஷம், இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அலையோ அலையென்று அலைந்து கடைசியில் கிடைத்ததுதான் டீச்சரம்மா வீடு. சந்துக் கடைசியில், கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை. ரிட்டயரான டீச்சர், புருஷன் போய் வருஷங்களாயிற்று, தனி ஆள். மாடி ஒழுகி, அந்தத் தண்ணீர் சுவர் வழியாகக் கீழே இறங்கி, ஓதத்தில் வீடே கறுத்துக் கிடந்தது. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. முன்னறையின் ஒரு மூலைதான் காய்ந்த இடம். அங்கே கட்டிலைப் போட்டு, பக்கத்தில் அடுப்பை வைத்துக்கொண்டு, அந்த மூலையிலேயே காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இது என் தலைமேல விழறதுக்குள்ள மகன் வீட்டுக்குப் போயிடறேம்மா. நீங்க என்ன விலை சொல்றீங்களோ சொல்லுங்க" என்றார். திட்டத்தின் வரம்பைச் சொன்னார்கள். உடனே சரியென்றார். அவ்வளவு சுலபமாக ஒரு நல்லது தன் வாழ்க்கையில் நடக்கும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஒழுகல், வயரிங், கைப்பிடி, ஓதம். இதெல்லாம் சரியானால் மறுபடி கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். டீச்சரம்மா கையை விரித்தார். "எனக்குப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. வேணும்னா நீங்களே பண்ணிக்கோங்க."

பெயிண்டரின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! அவளோ மூன்று தடவை பட்டவளாயிற்றே. "முதல்ல எழுதி வாங்கு. அப்புறம் பிரஷைத் தொடு" என்று ஒற்றைக் காலில் நின்றாள். எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டு, அட்வான்ஸ் கொடுத்து, டீச்சரம்மா கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூச்சு விட்டாள். இந்தத் தடவை எவனும் வந்து காலி பண்ணு என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் டீச்சரம்மா வீடுதான். விடிந்ததும் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். பெயிண்டர் மொட்டைமாடியைக் கொத்தி, பூசி, ஒழுகலை அடைத்தான். அவனுக்குக் கடன்பட்ட எலக்ட்ரீஷியன் ஒருவன் வந்து வயரை மாற்றிக் கொடுத்தான். வெல்டிங் பட்டறை நண்பன் கைப்பிடிக் கம்பியைச் செய்து தோளில் சுமந்து வந்து மாட்டினான். அவள் கறுத்த சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மகள் மேலும் கீழும் ஓடி, "இது என் ரூம், இது என் ஜன்னல், இது என் காக்கா" என்று ஜன்னலில் உட்கார்ந்த காக்காய் வரைக்கும் சொந்தம் கொண்டாடினாள். அவளை யாரும் அதட்டவில்லை. டீச்சரம்மா டீ போட்டுக் கொடுத்து, "கத்தட்டும் விடு. இந்த வீட்ல சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார்.

சாதாரணமாக வேலை செய்தால் போதும், இன்ஸ்பெக்டர் கேட்டதை மட்டும் முடித்தால் போதும். இவன் கேட்டால்தானே! ஒரு கோட் அடித்த இடத்தில் மூன்று கோட் அடித்தான். சமையலறை மேடையின் ஓரத்தைக்கூடச் செதுக்கி வழவழவென்று ஆக்கினான். "நம்ம வீடுடி" என்பான். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த கை அல்லவா, விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் நடந்த ஒன்றை அவர்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மூலையில் முடங்கிக் கிடந்த டீச்சரம்மா முதலில் பின்னறைக்குப் போய் உட்கார்ந்தார். அடுத்த வாரம் சமையலறையில் நின்று சமைத்தார். அதற்கடுத்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மாடிக்கே ஏறிவிட்டார். "தம்பி, என் கட்டிலைக் கொஞ்சம் மேல போட்டுத் தர்றியா? போற வரைக்கும் காத்தாட படுத்துக்கறேன்" என்று கேட்டார். அந்தக் கட்டிலை மாடிக்குத் தூக்கிப்போட்டது யார்? இந்தப் புண்ணியவான்தான்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கு இப்படி ஒரு வீட்டை நான் பாஸ் பண்ணினதே இல்லை" என்று சொல்லிப் போனார். உதவி மஞ்சூராகி, ஒப்புதல் ஆர்டரும் கைக்கு வந்துவிட்டது. பத்திரப் பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. சலவைக்கூடத்தில் அவள் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள்.

மறுவாரம் பெயிண்டர் பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பாட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். முதல் நாள் களைப்பு என்று விட்டாள். இரண்டாம் நாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னய்யா ஆச்சு உனக்கு? வாயில கொழுக்கட்டையா?"

"டீச்சரம்மா போகலையாம்" என்றான்.

"எங்க போகலை?"

"மகன் வீட்டுக்கு. வீடு விழுந்துடும்னுதான் போறதா இருந்தாங்களாம். இப்பதான் வீடு விழாதில்லன்னு சொன்னாங்க. இங்கயே இருந்துடட்டுமா தம்பின்னு கேட்டாங்க. அட்வான்ஸைத் திருப்பித் தர்றாங்களாம். அழுதாங்கடி."

அவள் சிரித்தாள். ஆமாம், முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துச் சுவரில் வீசினாள். தூங்கிக்கொண்டிருந்த மகள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை. வந்துட்டேன்."

"ஒண்ணும் சொல்லலையா! உன்னை மாதிரி ஒருத்தனைக் கட்டிக்கிட்டு நான் என்னத்துக்கு உசிரோட இருக்கேன்?" என்று கத்தினாள். அவன் குனிந்து டம்ளரைத் தேடி எடுத்து, நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிச் சரி செய்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திட்ட ஆபீசுக்கு ஓடினாள். அங்கிருந்த மேடம் நல்லவள். பொறுமையாகக் கேட்டாள்.

"வேற வீட்டுக்கு மாத்திக்க முடியுமா மேடம்?"

"முடியாதும்மா. மஞ்சூர் இந்த வீட்டுக்குத்தான். இந்த வருஷப் பணம் முழுக்கப் போயாச்சு, உங்களுதுதான் கடைசி. ஆனா நீங்க ஏன் கவலைப்படறீங்க? ஒப்பந்தத்துல கையெழுத்து இருக்கில்ல? அவங்க வித்துத்தான் ஆகணும். வக்கீலை வச்சு ஒரு நோட்டீஸ் விடுங்க, வெளியே வந்துடுவாங்க. இலவச வக்கீல் நம்பர்கூட நானே தர்றேன்."

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எழுதி வாங்கு என்று அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றாளே, அந்தப் புத்திசாலித்தனத்துக்கு அவளே அவளை மெச்சிக்கொண்டாள். நோட்டீசெல்லாம் எதற்கு, முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

கதவைத் திறந்த டீச்சரம்மா அவளைப் பார்த்ததும் ஒரு கணம் பயந்தார். பிறகு உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்தார். "தலையைத் துவட்டு. சளி பிடிச்சுக்கும்."

சண்டைக்கு வந்தவள் கையில் துண்டைக் கொடுத்தால் அவள் எப்படித்தான் சண்டை போடுவாள்? இருந்தாலும் போட்டாள்.

"நாங்க என்ன பாவம் பண்ணினோம் டீச்சர்? ஓடா உழைச்சோமே. ஒரு ஞாயித்துக்கிழமை என் பொண்ணைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனதில்லை. அந்தாளு கையைப் பார்த்தீங்களா, சிமெண்ட் தின்னு தோல் உரிஞ்சு கிடக்கு. எங்க வீடுன்னு நினைச்சுத்தானே பண்ணினோம்! நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன்" என்றார் டீச்சரம்மா. "இல்லைன்னு சொல்லலை. கோர்ட்டு கச்சேரியெல்லாம் வேண்டாம். நீ போன்னு ஒரு வார்த்தை சொல்லு, மகனுக்குப் போன் பண்ணி வண்டி கொண்டுவரச் சொல்றேன். அவன் ஹால்ல ஒரு கட்டில் போட்டுத் தர்றேன்னுதான் சொல்றான். மருமகளும் நல்ல பொண்ணுதான். ஏதோ ஆசைப்பட்டுட்டேன், உன் வீட்டுக்காரர் காதுல போட்டேன். தப்புதான்."

"தப்புதான்" என்றாள் அவள் அழுத்தமாக.

"ஆமா. தப்புதான். ஒரு தடவை மேல வந்து பார்த்துட்டுச் சொல்லிடு."

டீச்சரம்மா முன்னால் ஏறினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, பிறகு அடுத்த படி. அவள் பின்னாலேயே, விழுந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக, தன்னை அறியாமலேயே கையை விரித்துக்கொண்டு ஏறினாள். மாடி அறையில் கட்டில், நாற்காலி, ஒரு மனிதரின் பழைய போட்டோ. வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"இங்கதான் அவர் கடைசி வருஷம் படுத்திருந்தாரு" என்றார் டீச்சரம்மா. "அவர் போனதும் கதவைச் சாத்தினேன். அப்புறம் ஒழுக ஆரம்பிச்சுது, படியும் ஏற முடியலை. இந்த ரூமை உயிரோட மறுபடி பார்ப்பேன்னு நினைக்கலை. நேத்து அவர்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன். பைத்தியக்காரின்னு நினைக்காத." சொல்லிவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். "சரி. சொல்லும்மா. போயிடட்டுமா?"

அந்தக் கையைப் பார்த்திருக்கவே கூடாது அவள். மூன்று வீடுகளில் மூன்று தடவை, சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, காலி அறைக்குள் திரும்பப் போய் அவளும் இப்படித்தான் சுவரில் கையை வைத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது, புருஷனுக்குக்கூட. காலி பண்ணு என்ற வார்த்தையைக் காதால் கேட்டே பழகியவள். இப்போது அது அவள் வாயிலிருந்து வர வேண்டும். வாயைத் திறந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு, உன் பொண்ணுக்காகச் சொல்லிவிடு பாவி என்று உள்ளுக்குள் ஒருத்தி அடித்துக்கொண்டாள். வரவில்லை. எத்தனை முயன்றும் வரவில்லை.

"கூலி குடுத்துடுங்க டீச்சர்" என்றாள்.

"என்னம்மா?"

"அட்வான்ஸோட சேர்த்து வேலைக்கூலி. ஞாயித்துக்கிழமைன்னா ஒண்ணரைக் கூலி. அதான் வழக்கம்."

சொல்லி முடிக்கும் முன்பே குரல் உடைந்துவிட்டது. டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். அவள் கையை உதறவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து டீச்சரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "இந்த ரூம் கலர் ரொம்ப நல்லாருக்கு. இளம்பச்சை. யாரு தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டார்.

கடையில் அட்டையை விரித்து வைத்து, அத்தனை நிறத்திலும் இதுதான் வேண்டும் என்று அடம் பிடித்து, அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய மகள்தான்.

"கடையில மிச்சம் கிடந்த டப்பா டீச்சர்" என்றாள் அவள்.

வெளியே வந்து, மழையில் குடைகூட இல்லாமல் நடந்தாள். வாய்விட்டே திட்டிக்கொண்டு போனாள். டீச்சரைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள், இடிந்த வீட்டுக்கு ஒரு விலை, இடியாத வீட்டுக்கு ஒரு விலை என்று வைத்தவனையெல்லாம் திட்டினாள். எல்லாரையும் திட்டி முடித்தபோது மிச்சம் அவள்தான் இருந்தாள். தன்னைத் திட்ட வார்த்தை கிடைக்காமல், மூடிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது, பெயிண்டர் தன்னை நாலு வார்த்தை திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன், "சரி விடு" என்றான். பிறகு முகத்தைக் கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் வரவே இல்லை. திட்ட ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போனபோது மேடம் பேனாவைக் கீழே வைத்தாள். "கைக்கு வந்ததை வேண்டாம்னு சொன்ன முதல் ஆளு நீங்கதாம்மா" என்றாள். பணம், பட்டியலில் அடுத்து இருந்த யாருக்கோ போயிற்று. அவர்களாவது நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல அவளுக்குப் பெரிய மனசெல்லாம் இல்லை. வயிறு எரிந்தது.

மகளிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. நீ சொல், நீ சொல் என்று இரண்டு பேரும் தள்ளிப் போட்டார்கள்.

டீச்சரம்மா மகனிடம் கேட்டு வாங்கிக் கூலியைக் கொடுத்தனுப்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயிண்டர் வாளியையும் பிரஷையும் எடுத்தான்.

"எங்கய்யா?" என்றாள்.

"பின் ஜன்னலுக்குக் கடைசிக் கோட் பாக்கி. கூலி வாங்கியாச்சில்ல, முடிச்சுக் குடுக்கணும்."

அதற்குள் மகள் பரபரவென்று பல் தேய்த்து, தலையைத் தானே வாரிக்கொண்டு, செருப்பை மாட்டி வாசலில் தயாராக நின்றாள். "அப்பா, இன்னைக்கு என் ரூம்ல ஒரே ஒரு ஆணி அடிச்சுத் தர்றியா? படத்தைக் கொண்டு வர்றேன்."

பெயிண்டர் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வாளியைக் கீழே வைத்தான், மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், அவள் கால் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"நீ வரக்கூடாது பாப்பா" என்றான். "அது அப்பா வேலை செய்யற வீடு."